ஒரு வீட்டுக்கு ஒரு நட்சத்திரம்

வாருங்கள் தம்பி. செருப்பை அந்தப் படியிலேயே விட்டுவிடுங்கள். மாடியைப் பார்க்கத்தானே வந்தீர்கள்? பார்க்கலாம், சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது. முதலில் உட்காருங்கள். குடிவர நினைக்கிறவர் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக்காரனைப் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. சுவரில் வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மனிதனிடம் இருந்தால் பேசிப் பார்த்தால்தான் தெரியும்.

காப்பி கொடுக்க முடியாததற்கு மன்னிக்க வேண்டும். பால் திரிந்துவிட்டது. சமீப காலமாக எனக்கு மட்டும் எப்படியோ தினமும் திரிகிறது. தண்ணீர் குடியுங்கள்.

என்ன, ஜன்னல் வழியாக மேலே பார்க்கிறீர்கள்? நட்சத்திரத்தையா? வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். சாம்பல் புதன் கழிந்து, ஊரெல்லாம் லெந்து என்கிற நோன்பு நாட்கள் அனுசரித்துக்கொண்டிருக்கையில், அருமைநாயகம் சார் வீட்டில் மட்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிகிறதே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் போன டிசம்பரைச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். இந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவருக்கு அது தெரிந்திருப்பதும் நல்லதுதான்.

நான் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குருவானவர் வெளியூர் போகிற ஞாயிறுகளில் பிரசங்க பீடத்தில் நிற்கிறவன். ஆகையால் என் பேச்சில் கொஞ்சம் பிரசங்க வாடை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி ரத்தினபாய் சொல்வாள், “உங்களுக்கு உப்பு கேக்கணும்னாலும் ஒரு உவமை வேணும்.” வேடிக்கையாகத்தான் சொல்வாள். வேடிக்கை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த மாடியை நான் வாடகைக்காகக் கட்டவில்லை, தம்பி. என் மகன் இம்மானுவேல் சென்னையை விட்டு வந்து, மனைவி பிள்ளையோடு என் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டினேன். இந்த வயதில் எனக்கு வேறு ஆசையே கிடையாது. ஒரு கூரை, ஒரு அடுப்பு, ஒரு ஜெபம். அதற்காகத்தான் கட்டினேன். அவனும் வந்தான். மருமகள் எப்சிபாவும், பேத்தி கெசியாவும் வந்தார்கள். மழைக்கு முன்னால் வந்து, பாளையங்கோட்டைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் குழந்தைக்குச் சளி பிடித்து, அதுவும் தெளிந்து, வீடு வீடாக இருந்தது.

மாடியில் ஒரு சமையலறை வைத்தது கொத்தனார் செய்த பிழை. நான் கேட்கவே இல்லை. காலையில் காப்பி போட மட்டும் என்று மருமகள் அடுப்பை ஏற்றினாள். பிறகு குழந்தைக்கு ஒரு தோசை என்றாள். பிறகு ஒருநாள் மாடியிலிருந்து மீன் குழம்பு வாசனை இறங்கி வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. படியேறிப் போய், குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மூத்தவர்கள் அதைக்கூடச் சொல்லாவிட்டால் இளையவர்கள் எப்படித்தான் கற்றுக்கொள்வார்கள்?

டிசம்பர் பிறந்தது. எங்கள் வீட்டில் பண்டிகை அலங்காரம் என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, தம்பி. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும், இந்த முற்றத்தில் சவுக்குக் கம்பை நட்டு நட்சத்திரத்தை ஏற்றுவேன். தகரத்தில் நானே வெட்டிப் பற்றவைத்தது. ஐந்து முனையிலும் பல்பு. நான் ஏணியில் ஏறுவேன். ரத்தினபாய் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான வருஷத்திலிருந்து அவள்தான் பிடிக்கிறாள். மேலேயிருந்து, “நேரா இருக்கா?” என்று கேட்பேன். “சரியா இருக்குங்க” என்பாள். நட்சத்திரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் சரியா இருக்குங்க என்றுதான் சொல்வாள். அப்படிப்பட்ட ஒற்றுமை எங்களுக்குள்.

அதே வாரம் மாடியில் மருமகள் ஒரு பிளாஸ்டிக் மரத்தை வாங்கி வைத்தாள். அதன்மேல் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துத் தூவியிருந்தாள், பனியாம். அவர்கள் வேலைக்குப் போயிருந்த சமயம் நான் சாவி போட்டுத் திறந்து உள்ளே போனேன். என் வீடு, எனக்கு எதற்கு அழைப்பு மணி? பார்த்தேன். பெத்லகேமில் இடையர்கள் வயல்வெளியில் தங்கியிருந்தார்கள் என்றுதான் வேதம் சொல்கிறது. பனியில் விறைத்துக்கொண்டிருந்தார்கள் என்று எங்கேயாவது சொல்லியிருக்கிறதா? உட்கார்ந்து, பொறுமையாக, ஒவ்வொரு பஞ்சாக எடுத்து, வீணாக்காமல் ஒரு பையில் போட்டு வைத்தேன். தோரணக் காகிதங்கள் கோணலாகத் தொங்கின. எல்லாவற்றையும் அவிழ்த்து அளவெடுத்துக் கட்டினேன். பலூன்களை உடைக்கவில்லை. காற்றை மட்டும் இறக்கிவிட்டேன்.

மாலையில் மாடியில் பேச்சுச் சத்தமே இல்லை. நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். அழகாக இருந்தால் மனிதர்கள் வாயடைத்துத்தானே போவார்கள். பிறகு கெசியா மட்டும் இறங்கி வந்து, “தாத்தா, பனி உருகிட்டு” என்றாள். பிள்ளைக்கு நல்ல கற்பனை.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து வாசலில் நின்று நிமிர்ந்து பார்க்கிறேன், மாடி பால்கனியில் இன்னொரு நட்சத்திரம்.

மூங்கில் சிம்பு, பட்டம் ஒட்டுகிற நீலத்தாள், உள்ளே ஒரு பல்பு. மருமகள் கையால் செய்தது. காற்றில் லொடலொடவென்று ஆடுகிறது. ஒரு வீட்டில் இரண்டு நட்சத்திரம். தெருவில் போகிறவன் என்ன நினைப்பான் சொல்லுங்கள்? அருமைநாயகம் வீட்டில் தனிக்குடித்தனம் ஆகிவிட்டது என்றுதானே நினைப்பான்?

நான் கோபப்படவில்லை. கோபம் எனக்குப் பழக்கமில்லை. அன்றைய குடும்ப ஜெபத்தில் ஓர் உவமை சொன்னேன். ஒரு கரையில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. மாலுமிகள் அதைப் பார்த்துப் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். ஒருவன் ஆசையால் பக்கத்திலேயே இன்னொரு விளக்கை ஏற்றினான். அன்று வந்த கப்பல் எது வழி என்று தெரியாமல் பாறையில் மோதிச் சிதறியது. இவ்வளவுதான் கதை. யார் பெயரையும் சொல்லவில்லை.

எப்சிபா கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பெண், முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேச மாட்டாள். மெதுவாகத்தான் சொன்னாள். “ரெண்டு விளக்கு இருந்தா கரை எதுன்னு இன்னும் நல்லா தெரியும்லா மாமா.”

இம்மானுவேல் சிரித்துவிட்டான். ஜெப நேரத்தில் சிரிப்பு. நான் ஆமென் சொல்லி முடித்துவிட்டேன்.

அவள் வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தார், இப்போது உயிரோடு இல்லை. மறுநாள் துணி காயப் போட்டுக்கொண்டே எனக்கு விளக்கினாள். “எங்க லைன் வீடு ஒரே கூரைதான் மாமா. நீளமா ஒரே கூரை, வரிசையா கதவு. டிசம்பர் வந்தா கதவுக்கு ஒரு ஸ்டார் கட்டுவோம். எங்க அப்பாதான் எல்லாருக்கும் சிம்பு சீவிக் குடுப்பாங்க. கீழ ரோட்டுல இருந்து பார்த்தா அம்புட்டும் ஒண்ணா எரியும். எங்க ஸ்டார் எதுன்னு நான் சரியா கண்டுபிடிச்சிருவேன்.”

“அங்கே ஒவ்வொரு கதவுக்குள்ளும் வேறு வேறு குடும்பம் அம்மா. இங்கே ஒரே குடும்பமல்லவா?” என்றேன்.

“ஒரே குடும்பம்தான் மாமா. கதவு ரெண்டு இருக்குலா” என்றாள்.

எப்படி இருக்கிறது பாருங்கள் வாதம். கதவு என்பது கொத்தனார் வைப்பது, குடும்பம் கடவுள் வைப்பது. அந்த வித்தியாசத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இருந்தாலும் அவளுடைய நட்சத்திரத்தை நான் தொடவில்லை. என் மேல் யாரும் அப்படி ஒரு குற்றம் சொல்ல முடியாது. என்னுடையதை மட்டும் உயர்த்தினேன். சவுக்குக் கம்போடு இன்னொரு கம்பைச் சேர்த்துக் கட்டி, மாடிக் கைப்பிடிச் சுவரையும் தாண்டி, மேல்நிலைத் தொட்டிக்கும் மேலே ஏற்றினேன். ரத்தினபாய் ஏணியைப் பிடித்திருந்தாள். “இவ்வளவு உசரம் எதுக்குங்க? அவ ஆசையா கட்டியிருக்கா, அது பாட்டுக்கு இருக்கட்டுமே” என்றாள். ஏணி கொஞ்சம் ஆடிற்று. “நேரா இருக்கா?” என்று கேட்டேன். அன்றைக்கு அவள் பதில் சொல்லவில்லை. உயரத்தில் காதில் விழாமல் போயிருக்கும்.

இப்போது கேரல் குழு வந்த கதைக்கு வருகிறேன். இதுதான் முக்கியம், கவனியுங்கள்.

எங்கள் சபையில் கேரல் பாட வருகிறவர்கள் நட்சத்திரம் தொங்குகிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, வீட்டார் கொடுப்பதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் தெரு முதல் தெரு என்பதால் விளக்கு வைத்ததும் வந்துவிடுவார்கள். ரத்தினபாய் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் செய்து தாம்பாளத்தில் அடுக்கியிருந்தாள். டிரம் சத்தம் கேட்டதும் நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டில் போய் நின்றேன்.

குழுத் தலைவர் ஞானதுரை என் பழைய மாணவன். கேட்டுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “சார், மாடியிலயும் ஸ்டார் தொங்குதே. இங்க ஒரு பாட்டு, மேல ஏறிப்போய் ஒரு பாட்டா? மருமகள் கூட ஞாயித்துக்கிழமை சொன்னாங்க, எங்க வீட்டுக்கும் வாங்க, பிள்ளை வசனம் படிச்சு வச்சிருக்குன்னு” என்றான்.

“ஞானதுரை, இது ஒரே குடும்பம். ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டு. நேரத்தை வீணாக்காதே, உனக்கு இன்னும் எத்தனை தெரு இருக்கிறது” என்றேன்.

அவன் என்னிடம் பிரம்படி வாங்கியவன். வாசலில் அழகாகப் பாடினார்கள். நான் ஜெபம் செய்தேன். கொஞ்சம் நீண்ட ஜெபம்தான், ஒற்றுமையைப் பற்றி. பிறகு சாப்பிட்டார்கள், தாம்பாளம் காலியானது, டிரம்மை அடித்துக்கொண்டு திருப்பத்தைக் கடந்து போனார்கள்.

அப்போதுதான் கெசியா படியில் இறங்கி வந்தாள். பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். புது கவுன், தலையில் ஜிகினாக் கிரீடம், கையில் ஒரு தட்டு. தட்டில் அவள் அம்மா வீட்டிலேயே செய்த கேக், துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு செர்ரி வைத்திருந்தது. “தாத்தா, எங்க வீட்டுக்கு எப்ப வருவாங்க?” என்றாள்.

“இதுதானே கண்ணு உங்க வீடு. இங்கேதான் வந்துட்டுப் போயிட்டாங்களே” என்று சிரித்தேன்.

குழந்தை திருப்பத்தைப் பார்த்தாள். பிறகு மாடியைப் பார்த்தாள். மேலே கைப்பிடிச் சுவரோரம் எப்சிபா நின்றுகொண்டிருந்தாள், பட்டுப்புடவையில். எவ்வளவு நேரமாக நின்றாளோ. நான் கையசைத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு மனதில் என்ன உறுத்தியது என்றால், அந்தப் பிஞ்சு வாயில் ‘எங்க வீடு’ என்ற வார்த்தையைப் பழக்கியிருக்கிறார்களே என்பதுதான். இதைவிட வேதனையான காரியம் ஒன்று அன்று நடந்தது. ரத்தினபாய் காலித் தாம்பாளத்தைக் கழுவி வைத்துவிட்டு, என்னிடம் கேட்காமல் மாடிக்குப் போனாள். மேலே அவர்கள் எல்லோரும் உட்கார்ந்து குழந்தை வசனம் சொல்லக் கேட்டார்கள் போலிருக்கிறது. ‘இதோ, எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி’ என்று கெசியாவின் குரல் கீழே வரை கேட்டது. நன்றாகச் சொன்னாள். ஓரிடத்தில் தடுமாறினாள். நான் இங்கிருந்தே எடுத்துக் கொடுத்தேன். அதோடு நிறுத்திவிட்டாள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. என் வீட்டு மாடிக்கு என்னைக் கூப்பிட வேண்டுமா என்று நினைத்திருப்பார்கள். அதுவும் சரிதான்.

விடிந்ததும் பார்க்கிறேன், பால்கனியில் நீல நட்சத்திரம் இல்லை. தம்பி, எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? அதட்டல் இல்லை, சண்டை இல்லை. ஓர் உவமை, கொஞ்சம் பொறுமை. உள்ளம் திருந்திவிட்டது. பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு குருவானவர் விடுப்பில் போயிருந்தார், பிரசங்கம் என்னுடையது. தாழ்மையுள்ள நட்சத்திரம் என்ற தலைப்பில் பேசினேன். பெரிய நட்சத்திரத்துக்கு வழிவிட்டு, தானாகவே அணைந்துகொண்ட ஒரு சிறு நட்சத்திரத்தின் கதை. பெயர் சொல்லவில்லை. சொல்லாமலே பெண்கள் பக்கத்தில் எல்லோரும் எப்சிபாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பெருமை அந்தப் பெண்ணுக்கு. தலை நிமிரவே இல்லை. இம்மானுவேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதியில் எழுந்து வெளியே போனான், பிள்ளைக்கு என்ன அவசரமோ.

புத்தாண்டு முடிந்த கையோடு அவன் என் முன்னால் வந்து நின்றான். “அப்பா, பெருமாள்புரத்துல ஒரு வீடு பார்த்திருக்கோம்.”

அவன் சென்னை என்று சொல்லியிருந்தால் நான் புரிந்துகொண்டிருப்பேன். வேலை, சம்பளம், உலகம் அப்படி. பெருமாள்புரம் எங்கே இருக்கிறது? இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

“இங்கே இல்லாத என்ன வசதி அங்கே இருக்கிறது?” என்றேன்.

“உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குப்பா” என்றான்.

இது ஒரு பதிலா? நம் மாடியிலும் ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பாள் இருக்கிறது. நீங்களே போய்ப் பாருங்கள். பித்தளைத் தாழ்ப்பாள். ஒருவேளை இறுகிப்போய்விட்டதோ என்று அன்று மதியமே, அவர்கள் வெளியே போயிருந்தபோது, சாவி போட்டு உள்ளே போய் எல்லாத் தாழ்ப்பாளுக்கும் தேங்காய் எண்ணெய் போட்டு வைத்தேன். இப்போது விரலால் தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அதை அவனிடமும் சொன்னேன். பிறகு வண்டி கொண்டு வந்து சாமான்களை ஏற்றினான்.

நான் தடுக்கவில்லை. தடுத்து நிறுத்துவது அன்பு ஆகாது. சாமான் ஏற்றுகிறபோது பக்கத்தில் நின்று, கயிற்றை எப்படிக் கட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நீல நட்சத்திரத்தை எப்சிபா மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். மற்றதெல்லாம் பின்னால்.

ரத்தினபாயா? இருக்கிறாள் தம்பி, நன்றாக இருக்கிறாள். மருமகள் வேலைக்குப் போகிறாள் அல்லவா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே போயிருக்கிறாள். கொஞ்ச நாளைக்குத்தான். பொங்கலுக்கு முன்னால் போனாள். போகிறபோது அச்சு முறுக்கு அச்சையும் எடுத்துக்கொண்டு போனாள். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பண்டிகை முடிந்த பிறகு யார் முறுக்குச் சுடுவார்கள்?

கேட் வரை போனவள் திரும்பி வந்து, அந்தக் கம்பை நிமிர்ந்து பார்த்தாள். “இறக்கணும்னா ஒரு போன் போடுங்க. வந்து ஏணி பிடிக்கேன்” என்றாள். “ஒத்தையில ஏறிராதீங்க.”

அவ்வளவுதான் விஷயம். நட்சத்திரம் ஏன் எரிகிறது என்று கேட்டீர்களே, இதுதான் பதில். இறக்க வேண்டுமானால் ஏணி பிடிக்க ஆள் வேண்டும். ஆள் வர வேண்டுமானால் நான் போன் போட வேண்டும். நான் எதற்குப் போட வேண்டும்? சொல்லுங்கள். சொந்த வீட்டுக்கு வருவதற்கு ஒருத்தியை அழைக்க வேண்டுமா? வீட்டுக்காரியை அழைத்தால் அவள் விருந்தாளியாகிவிடமாட்டாளா? நான் அவளை விருந்தாளியாக்க விரும்பவில்லை.

ஓர் உவமை சொல்கிறேன், இதைக் கேட்டுவிட்டு மாடிக்குப் போகலாம். ஓர் ஊரில் ஒருவனுக்கு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. யாரும் தண்ணீரை வீணாக்கிவிடக் கூடாதே என்று கயிற்றையும் வாளியையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். யார் வந்தாலும், எப்படி இறைக்க வேண்டும், எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். காலப்போக்கில் ஊரார் ஆற்றுக்குப் போகப் பழகிவிட்டார்கள். அவன் அசைந்தானா? இல்லை. கிணறு நிறைந்து கிடந்தது, அவன் கயிற்றோடு பக்கத்திலேயே நின்றான். சாகும்வரை நின்றான். இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? உண்மை. தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட காரியத்தில் கடைசிவரை உண்மையாயிருப்பது. நீங்களும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள் தம்பி. அன்பு என்பது விட்டுவிடாமல் பிடித்திருப்பது. பிடித்த பிடியை ஒருநாளும் தளர்த்தக் கூடாது.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? மாடியை இன்னும் பார்க்கவில்லையே. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறீர்களா? சரி. எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள், பேசி முடித்தவர் ஒருவரும் திரும்பி வரவில்லை. நிபந்தனை என்று ஒன்றும் பெரிதாக இல்லை என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். சாவி ஒன்று என்னிடம் இருக்கும். டிசம்பர் மாதத்தில் பால்கனியில் எதுவும் தொங்கவிடக் கூடாது. அவ்வளவுதான்.

என்ன சொன்னீர்கள்? நீங்கள் பிடித்துக்கொள்கிறீர்களா, ஏணியை? இப்போதே?

வேண்டாம் தம்பி. உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஏணி பிடிக்க இந்த வீட்டில் ஆள் இருக்கிறது. அவள் பிடித்துத்தான் எனக்குப் பழக்கம். மேலேயிருந்து நேரா இருக்கா என்று கேட்டால் அவள்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து முனையில் மூன்று பல்பு போய்விட்டது, கவனித்தீர்களா? இன்னும் இரண்டு எரிகின்றன. நல்ல உயரத்தில் இருக்கிறது. பெருமாள்புரத்தில் மொட்டைமாடி ஏறி நின்று இந்தப் பக்கம் திரும்பினால் தெரிய வேண்டும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். துணி எடுக்க மாலையில் மேலே போகாமலா இருப்பாள்?

போகும்போது கேட்டைச் சாத்த வேண்டாம். திறந்தே இருக்கட்டும்.